சருகு கொட்டினால் மட்டும் மண்ணில் காபன் சேராது

கேள்வி: கன்னியாப் பக்கம் காட்டுக்குள் போனால் சருகு கணுக்கால் வரை கிடக்கிறது. வருடா வருடம் கொட்டுகிற இதெல்லாம் மண்ணில் காபனாகச் சேர்ந்துவிடுமா? காட்டு மண்ணில் காபன் நூற்றுக்கணக்கான வருடம் தங்குவதற்கு என்ன காரணம்?
— உயர்தர மாணவி, உவர்மலை

பதில்: எல்லாம் சேராது தங்கச்சி. சருகில் பெரும்பகுதி சில வருடங்களுக்குள் கறையானுக்கும் பங்கசுக்கும் பற்றீரியாவுக்கும் சாப்பாடாகி, காபனீரொட்சைட்டாகக் காற்றுக்கே திரும்பிவிடும். காய்ந்து கிடந்த மண்ணில் மாரியின் முதல் மழை விழும்போது பாருங்கள், நுண்ணங்கிகள் ஒரேயடியாக வேலையைத் தொடங்க, அந்த வாயு சட்டென்று கூடுதலாகக் கிளம்பும். கிழக்கு ஆபிரிக்க மண்ணை ஆராய்ந்த பேர்ச் என்பவர் 1958 இலேயே இதை எழுதியிருக்கிறார்.

சரி, மிஞ்சுவது எது? மரத்துக்கு உறுதி தரும் லிக்னின் மாதிரி நுண்ணங்கிகளால் எளிதில் உடைக்க முடியாத பொருட்கள்தான் அப்படியே தங்கிவிடுகின்றன என்று நெடுங்காலம் நம்பினார்கள். இப்போது அந்த எண்ணம் மாறிவிட்டது. லிக்னின்கூட சில பத்தாண்டுகளில் போய்விடலாம், ஆனால் சீனி, புரதம் போல லேசில் உக்கிப்போக வேண்டியவை சில மண்ணில் அதைவிடக் கூடுதல் காலம் கிடக்கின்றன. அந்தப் பொருள் என்ன என்பதைவிட, அது மண்ணில் எங்கே சிக்கியிருக்கிறது என்பதைத்தான் நான் முதலில் கேட்பேன். களித் துணிக்கையிலோ இரும்பு, அலுமினிய ஒட்சைட்டுகளிலோ ஒட்டிக்கொண்டால், அல்லது சிறு மண்கட்டிக்குள் அடைபட்டால், நுண்ணங்கியின் நொதியத்தால் அதை எளிதில் எட்ட முடியாது. அப்படி ஒட்டுவதிலும் இலைத் துண்டைவிட வேர் கசியவிடும் பொருட்களுக்கும் செத்த நுண்ணங்கிகளின் எச்சத்துக்கும் பங்கு அதிகம். வட சுவீடனில் ஏரித் தீவுக் காடுகளை ஆராய்ந்தவர்கள், அங்கே சேமிப்பில் இருந்த காபனில் 50 முதல் 70 சதவீதம் வேர்களிலிருந்தும் வேரோடு வாழும் பங்கசுகளிலிருந்தும் வந்தது என்று 2013 இல் காட்டினார்கள். அது குளிர்நாட்டுக் கணக்கு, நம்முடைய காட்டுக்கு அந்த எண்ணை அப்படியே எடுத்துக்கொள்ளக் கூடாது. ஆனாலும் மேலே கிடக்கும் சருகை மட்டும் பார்க்காதீர்கள், வேரையும் பாருங்கள்.

வீட்டிலேயே ஒன்று செய்து பார்க்கலாம். ஒரு பிடி காட்டோர மண்ணைக் கண்ணாடிப் போத்தலில் போட்டு, தண்ணீர் விட்டு நன்றாகக் குலுக்கி வையுங்கள். மணல் உடனே அடியில் இறங்கிவிடும், இலைத் தூளும் வேர்த் துண்டும் மிதக்கும், செங்கபில நிறத்தில் ஒரு களிக் கலங்கல் மட்டும் மணிக்கணக்கில் தெளியாமல் நிற்கும். மிதப்பது சீக்கிரம் போகப்போகிற இளம் காபன். பழைய காபனில் பெரும்பகுதி அந்தக் கலங்கலோடுதான் ஒட்டியிருக்கிறது. நிலாவெளிக் கடற்கரை மணலில் இதையே செய்தால் தண்ணீர் சீக்கிரம் தெளிந்துவிடும், ஏனென்றால் காபன் பிடித்துத் தொங்க அங்கே களி இல்லை.

கேள்வி: சேனைக்கு வெட்டி எரித்த காணியில் தேக்கு நட்டால் போன காபன் திரும்பிவிடாதா?
— வாசகர், பன்குளம்

பதில்: மரத்தில் சேருவது கொஞ்சம் சீக்கிரம் நடக்கும் ஐயா, மண்ணில் சேருவதற்குத்தான் காலம் எடுக்கும். பல நாடுகளின் ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்த ஒரு கணக்கு, இயற்கைக் காடு பயிர்நிலமானால் மண்ணின் காபன் சராசரியாக 42 சதவீதம் குறைகிறது என்று 2002 இல் சொன்னது. உழும்போது மண்கட்டி உடைந்து, உள்ளே அடைபட்டிருந்தது நுண்ணங்கிகளுக்குத் திறந்துவிடப்படுகிறது. எரித்ததில் ஒரு சிறு பங்கு கரியாகி நூற்றாண்டுக் கணக்கில் மண்ணில் கிடக்கும்தான், ஆனால் இழப்பை அது ஈடுகட்டாது. தேக்கு நட வேண்டாம் என்று நான் சொல்லவில்லை, வெறுங்காணிக்கு அது நல்லது. ஆனால் பாலையும் வீரையும் முதிரையும் நிற்கிற காட்டை வெட்டிவிட்டு, பிறகு நட்டுக்கொள்ளலாம் என்று யாராவது சொன்னால் தயவுசெய்து ஒத்துக்கொள்ளாதீர்கள். அடிமண்ணில் இருக்கும் காபனின் சராசரி வயது பல இடங்களில் ஆயிரம் வருடத்தைத் தாண்டும், நம் ஆயுளில் நட்டுத் திருப்ப முடியாத கணக்கு அது.

கேள்வி: கொட்டியாரக் குடாப் பக்கம் கண்டல் சேறு கறுப்பாக, கூழ்முட்டை மணத்தோடு இருக்கிறது. அங்கேயும் காபன் தங்குமா?
— வாசகி, மூதூர்

பதில்: நிறையவே தங்கும். தண்ணீர் நிறைந்த அந்தச் சேற்றுக்குள் ஒட்சிசன் போவது மிகக் குறைவு, அதனால் உக்குவது மந்தமாகிவிடும். ஒட்சிசன் இல்லாத இடத்தில் கடல்நீரின் சல்பேற்றை வைத்து வாழும் பற்றீரியாக்கள் விடும் ஐதரசன் சல்பைட்டுத்தான் நீங்கள் சொன்ன மணம். கண்டல் காட்டின் காபனில் பெரும்பகுதி பொதுவாக மரத்தில் இல்லை, அடியில் இருக்கும் சேற்றில்தான். இறால் பண்ணைக்கென்று அதைத் தோண்டி வெயிலில் போட்டால் ஒட்சிசன் பட்டு உக்கத் தொடங்கிவிடும், பிறகு கரையில் எத்தனை கன்று நட்டாலும் போனது சீக்கிரத்தில் திரும்பாது.