பழைய நெட்புக்கில் லினக்ஸ்: திருகோணமலைக் கேள்விகள், பதில்கள்

2008க்கும் 2012க்கும் இடையில் வாங்கிய, பத்து அங்குலத் திரையும் இன்டெல் ஆட்டம் புரொசெசரும் உள்ள குட்டி லப்டொப்பைப் பற்றித்தான் இங்கே பேச்சு. அலுமாரிக்குள் கிடப்பதை எடுத்து, விண்டோஸுக்குப் பதிலாக லினக்ஸ் என்ற இலவச இயங்குதளத்தைப் போட்டு என்ன செய்யலாம் என்று பலர் கேட்டிருந்தீர்கள். உபுண்டு, டெபியன், ஆன்டிஎக்ஸ், எம்எக்ஸ் எல்லாம் லினக்ஸின் வகைகள். ஒரே மாதிரி வந்தவற்றைச் சேர்த்துவிட்டேன்.

உவர்மலையிலிருந்து: மகளுக்குக் கொடுக்க ஏசர் ஒன்றைத் தூசு தட்டி எடுத்திருக்கிறேன். எல்லோரும் உபுண்டு போடு என்கிறார்கள். சரியா?

ஐயா, எந்த லினக்ஸ் என்று கேட்பதற்கு முன் எந்தப் புரொசெசர் என்று பாருங்கள், மற்றதெல்லாம் அதற்குப் பிறகுதான். என்270, என்280 என்றால் அது வெறும் 32-பிட் (பழைய வகை, அதற்குப் பிறகு வந்தது 64-பிட்). உபுண்டு 2017லேயே 32-பிட் டெஸ்க்டொப் வெளியீட்டை நிறுத்திவிட்டது, 2025 ஓகஸ்டில் வந்த டெபியன் 13இலும் 32-பிட் இன்ஸ்டோலர் இல்லை. ஆகவே உங்களுக்கு மிஞ்சுவது டெபியன் 12, அல்லது அதன்மேல் கட்டிய ஆன்டிஎக்ஸ் 23, எம்எக்ஸ் 23. டெபியன் 12க்கு நீண்டகாலப் பாதுகாப்புத் திருத்தங்கள் 2028 ஜூன் வரை வரும், அதற்குள் அந்த மெஷினே போய்விடும் என்பது என் கணக்கு. என்450, என்455, என்570 என்றால் 64-பிட், டெபியன் 13ஐயே தாராளமாகப் போடலாம்.

ரேம் 1 ஜிபி மட்டும் என்றால் ஆன்டிஎக்ஸ். 2 ஜிபி இருந்தால் டெபியனோடு எக்ஸ்எஃப்சிஇ அல்லது எல்எக்ஸ்கியூடி என்ற லேசான டெஸ்க்டொப். இன்ஸ்டோலர் டெஸ்க்டொப் எது என்று கேட்கும் இடத்தில் க்நோமில் டிக் விழுந்திருக்கிறதா என்று பார்த்து அதை எடுத்துவிடுங்கள், அது இந்தச் சின்ன உடம்புக்குத் தாங்காது.

கிண்ணியாவிலிருந்து ஒரு மாணவர்: அண்ணன், என்னுடையது எச்பி மினி, விண்டோஸ் 7 ஸ்டார்ட்டர் இருக்கிறது. அதையும் வைத்துக்கொண்டு லினக்ஸும் போடலாமா?

போடலாம் தம்பி, ஆனால் முதலில் டிஸ்க் மேனேஜ்மென்டைத் திறந்து எத்தனை பார்ட்டிஷன் (டிஸ்க்கைப் பிரித்த பகுதி) இருக்கிறது என்று எண்ணுங்கள். டிஸ்க்கைப் பிரிக்கும் பழைய எம்பிஆர் முறையில் நான்கு பிரைமரி பார்ட்டிஷனுக்கு மேல் முடியாது. எச்பியில் சிஸ்டம், சி டிரைவ், ரிக்கவரி, எச்பி டூல்ஸ் என்று நான்கையும் கடையிலிருந்து வரும்போதே நிரப்பி வைத்திருப்பது வழக்கம். சி டிரைவைச் சுருக்கி இடம் எடுத்தாலும் அந்த இடத்தில் புதிதாக ஒன்றை உருவாக்க விடாது, இன்ஸ்டோலர் அதைப் பயன்படுத்த முடியாத இடம் என்று காட்டும். எச்பி டூல்ஸ் என்ற அந்தச் சின்னதை நகல் எடுத்துக்கொண்டு அழித்துவிட்டு, எக்ஸ்டென்டட் பார்ட்டிஷன் (உள்ளே பலவற்றை வைக்கக்கூடியது) ஒன்றை உருவாக்கி அதற்குள் லினக்ஸைப் போடுங்கள்.

இன்னொன்று, கடைசியில் கிரப்பை (மெஷினைத் தொடக்கிவைக்கும் நிரல்) எங்கே பதிப்பது என்று கேட்கும்போது அவசரப்பட்டு என்டரை அமுக்காதீர்கள். பட்டியலில் பென்ட்ரைவும் நிற்கும். அதைத் தெரிந்துவிட்டால் பென்ட்ரைவ் செருகியிருக்கும்போது மட்டும் மெஷின் எழும்பும், கழற்றினால் எழும்பாது. அளவைப் பார்த்து உள்ளே இருக்கும் டிஸ்க்கைத் தெரிவு செய்யுங்கள்.

உண்மையைச் சொன்னால், விண்டோஸ் 7க்கு 2020 ஜனவரியோடு மைக்ரோசொஃப்ட் ஆதரவு முடிந்தது. அதை வைத்திருந்து என்ன செய்யப் போகிறீர்கள் என்று ஒருமுறை யோசியுங்கள். பழைய படங்கள் இருந்தால் நகல் எடுத்துவிட்டு முழு டிஸ்க்கையும் லினக்ஸுக்கே கொடுப்பதுதான் வடிவான வேலை.

சாம்பல்தீவிலிருந்து: லினக்ஸைப் பென்ட்ரைவில் எழுதிவிட்டேன், ஆனாலும் நேரே விண்டோஸுக்குத்தான் போகிறது.

எதிலிருந்து தொடங்குவது என்று தெரிவு செய்யும் மெனுவுக்கு ஏசரில் எஃப்12, ஆனால் அது அணைத்து வைக்கப்பட்டிருக்கும். எஃப்2 அமுக்கி பயோஸுக்குள் (மெஷின் எழும்பும்போது முதலில் ஓடும் அடிப்படை நிரல்) போய் அதை இயக்கிவிட்டு வாருங்கள். எச்பியில் எஃப்9, ஆசுஸ் ஈஇஇயில் எஸ்கேப். ஈஇஇயில் பூட் பூஸ்டர் என்று ஒன்று இருக்கிறது, அது தொடக்கச் சோதனைகளைத் தாண்டிக் கொண்டு ஓடுவதால் எஸ்கேப்பை அமுக்க நேரமே கிடைக்காது. பயோஸில் அதை அணைத்தால் சரி. விண்டோஸில் ரூஃபஸ் என்ற நிரலை வைத்துப் பென்ட்ரைவை எழுதியிருந்தால் எம்பிஆர், பயோஸ் என்ற தெரிவுதான் இந்தக் காலத்து மெஷினுக்கு. இறக்கிய லினக்ஸ் கோப்பை அப்படியே இழுத்துப் பென்ட்ரைவில் போட்டிருந்தீர்களென்றால், அது வேலை செய்யாது.

நிலாவெளியில் விருந்தினர் விடுதி நடத்தும் அக்கா: எல்லாம் போட்டாயிற்று, வைஃபை மட்டும் தெரியவில்லை. பக்கத்தில் போன் நன்றாகவே பிடிக்கிறது.

அக்கா, முதலில் முன்விளிம்பில் நகர்த்துகிற சின்ன சுவிட்ச் இருக்கிறதா என்று விரலால் தடவிப் பாருங்கள். சிரிக்க வேண்டாம், பாதிக் கேஸ் அதுதான்.

சுவிட்ச் சரி, பக்கத்து வீட்டு வைஃபை தெரிகிறது, உங்களுடையது மட்டும் தெரியவில்லை என்றால், உங்கள் ரவுட்டர் 5 கிகாஹெர்ட்ஸில் நிற்கிறது. இந்த நெட்புக்குகளில் பெரும்பாலானவை 2.4 மட்டும்தான் பிடிக்கும், ரவுட்டரில் அதையும் இயக்கிவிடுங்கள்.

எதுவுமே தெரியவில்லை என்றால் உள்ளே இருக்கும் வைஃபை கார்டு எது என்று பார்க்க வேண்டும். அதெரோஸ் என்றால் பொதுவாகத் தானாகவே வேலை செய்யும். பிராட்கொம் 4312 போன்றவை என்றால் அதற்குரிய ஃபெர்ம்வெயரை (கார்டுக்குள் ஓடும் சிறு மென்பொருள்) தனியாக இறக்க வேண்டும். டெபியன் 12இலிருந்து பல கார்டுகளின் ஃபெர்ம்வெயர் இன்ஸ்டோலரோடு சேர்ந்தே வருகிறது, ஆனால் பி43 எனப்படும் இந்தப் பிராட்கொம் வகை அதில் இல்லை, அது இணையத்திலிருந்துதான் வரும். இணையம் வர வைஃபை வேண்டும், வைஃபை வர இணையம் வேண்டும் என்று தலையைப் பிய்த்துக்கொள்ள வேண்டாம். அண்ட்ரொய்ட் போனை யூஎஸ்பி வயரால் செருகி, போனில் யூஎஸ்பி டெதரிங்கை இயக்குங்கள், லினக்ஸ் அதைக் கம்பி இணைப்பு என்று எடுத்துக்கொள்ளும். டெபியன் தன் மென்பொருள் பொதிகளை எங்கிருந்து எடுப்பது என்று சொல்லும் மூலப் பட்டியலில் கொன்ட்ரிப் என்ற பகுதியைச் சேர்த்து, பி43 இன்ஸ்டோலர் பொதியைப் போட்டு, ஒருமுறை அணைத்து எழுப்புங்கள்.

மூதூரிலிருந்து ஒரு ஆசிரியர்: தம்பி, வினாத்தாள்கள் எல்லாம் பாமினியில் இருக்கின்றன. லினக்ஸில் திறந்தால் ஒன்றும் விளங்கவில்லை. தட்டச்சும் பாமினிதான் பழக்கம்.

சேர், கோப்பு கெட்டுப்போகவில்லை. பாமினி ஆங்கில எழுத்துகளின் இடத்தில் தமிழ் உருவத்தை வரைந்து வைத்த எழுத்துரு. எழுத்துரு இல்லாத இடத்தில் உள்ளே இருக்கும் ஆங்கிலம் வெளியே வந்துவிடும். 'தமிழ்' என்று நீங்கள் அடித்தது ஜே, கே, பி, ஓ, பிறகு ஒரு அரைப்புள்ளி என்று தெரியும். அந்த அரைப்புள்ளிதான் உங்கள் புள்ளி. பழைய கணினியிலிருந்து பாமினி எழுத்துருக் கோப்பை நகலெடுத்து, உங்கள் ஹோம் அடைவுக்குள் புள்ளியில் தொடங்கும் பெயரோடு ஃபொன்ட்ஸ் என்று ஒரு அடைவு செய்து அதற்குள் போடுங்கள். லிப்ரே ஒஃபிஸை மூடித் திறந்தால் தமிழ் வந்துவிடும், அச்சிலும் அப்படியே விழும்.

புதிதாக அடிப்பதையாவது எல்லா மெஷினிலும் தமிழாகவே தெரியும் யூனிகோடில் அடியுங்கள் என்று கெஞ்சிக் கேட்கிறேன், பிள்ளைகளுக்கு வட்ஸ்அப்பில் அனுப்பவும் பிறகு தேடிப் பிடிக்கவும் அது ஒன்றுதான் உதவும். ஐபஸ், ஐபஸ் எம்17என் என்ற இரண்டு பொதிகளையும் போட்டால் தமிழ் விசைப்பலகைகளின் பட்டியலில் ரெங்கநாதன் என்று ஒன்று வரும். நம் நாட்டுத் தட்டச்சு அமைப்பு அதுதான், பாமினிக்குப் பழகிய கைக்கு நெருக்கமாக இருக்கும். தமிழ்99உம் ஒலிபெயர்ப்பு முறையும் அங்கேயே இருக்கின்றன.

தம்பலகாமத்திலிருந்து: ஆன்டிஎக்ஸ் போட்டேன். எந்தத் தளத்தைத் திறந்தாலும் பாதுகாப்பில்லை என்கிறது, அப்டேட்டும் பிழை காட்டுகிறது. வைரஸா?

வைரஸ் இல்லை. மூலையில் திகதியைப் பாருங்கள், 2009 என்றோ 2010 என்றோ நிற்கும். உள்ளே இருக்கும் பயோஸ் பற்றரி செத்துவிட்டது, கரண்ட் போகும்போதெல்லாம் நேரம் பின்னுக்கு ஓடிவிடுகிறது. தளங்களின் சான்றிதழ் இன்னும் பிறக்காத காலத்தில் உங்கள் மெஷின் இருப்பதால் எல்லாவற்றையும் சந்தேகப்படுகிறது. இப்போதைக்குத் திகதியைக் கையால் திருத்துங்கள், பிறகு இணையத்திலிருந்து நேரம் எடுக்கும் என்டிபி பொதியைப் போட்டு ஒவ்வொரு முறை தொடங்கும்போதும் ஓட விடுங்கள். டெபியனில் இந்த வேலையைச் சிஸ்டம்டி என்ற உள்நிரல் தானாகவே பார்த்துக்கொள்ளும், ஆன்டிஎக்ஸில் சிஸ்டம்டி கிடையாது. பற்றரி மாற்றுவதென்றால் பல மொடல்களில் அது வயரோடு ஒட்டிய வகை, திருத்துகிறவரிடம் கொடுங்கள்.

பாலையூற்றிலிருந்து: லினக்ஸ் போட்டால் வேகமாகும் என்றார்கள். யூடியூப் திறந்தால் உறைந்து நிற்கிறது.

லினக்ஸ் லேசானதுதான், கனம் முழுவதும் பிரவுசரிலும் தளங்களிலும் இருக்கிறது. என்270க்கு ஒரே ஒரு கோர், அதுவும் 1.6 கிகாஹெர்ட்ஸ், பெரிய வீடியோவைப் பிரிக்க அதற்குப் பலமில்லை. வீடியோவை 360பியில் வையுங்கள், எச்264 என்ற வீடியோ வடிவத்தையே கேட்டு வாங்கும் சிறு நீட்சியை ஃபயர்பாக்ஸில் போடுங்கள், விளம்பரத் தடுப்பானும் கட்டாயம். குரோம் 2016லேயே 32-பிட் லினக்ஸைக் கைவிட்டது. ஃபயர்பாக்ஸும் 145ஆம் பதிப்பிலிருந்து நிறுத்திவிட்டது, ஆகவே டெபியன் தருகிற ஈஎஸ்ஆர் (நீண்டகால ஆதரவு) பதிப்போடு இருங்கள்.

காசு செலவழிப்பதாக இருந்தால் முதலில் எஸ்எஸ்டி, பிறகு ரேமை 2 ஜிபி ஆக்குவது (என்270க்கும் என்450க்கும் அதுதான் உச்சம்). செலவே வேண்டாம் என்றால் இசட்ரேமை இயக்குங்கள், ரேமின் ஒரு பகுதியைச் சுருக்கிப் பயன்படுத்தும். அதற்கு மேல் காசு போடாதீர்கள். ஜூம் வகுப்பைப் போனிலேயே பாருங்கள், நெட்புக்கில் பாஸ்ட் பேப்பர் பிடிஎஃப், தட்டச்சு, நிரலெழுதப் பழகுவது, இவை நன்றாக ஓடும்.

டச்சு வளைகுடாப் பக்கத்திலிருந்து: சில பெட்டிகளில் ஓகே பொத்தான் திரைக்குக் கீழே போய்விடுகிறது.

உயரம் 600 புள்ளிகள்தான், அதனால். ஓல்ட் (Alt) விசையை அமுக்கிக்கொண்டு பெட்டியின் எந்த இடத்திலும் மவுஸால் பிடித்து மேலே இழுங்கள், தலைப்பு திரைக்கு வெளியே போனாலும் பரவாயில்லை.

சல்லியிலிருந்து: சுவிட்ச் போட்டால் பீப் சத்தம் மட்டும், திரை கறுப்பு. லினக்ஸ் போட்ட பிறகுதான் இப்படி.

லினக்ஸ் பீப் அடிக்காது, அது பயோஸின் சத்தம், பெரும்பாலும் ரேமைக் காணவில்லை என்ற முறைப்பாடு. கடற்கரையில் இருக்கிறீர்கள், உப்புக்காற்றில் ரேமின் மஞ்சள் பற்கள் மங்கிவிடும். சார்ஜரையும் பற்றரியையும் கழற்றி, அடியில் உள்ள சிறு மூடியைத் திறந்து ரேமை எடுத்து, பற்களைப் பென்சில் அழிறப்பரால் மெதுவாகத் தேய்த்து, தூளை ஊதிவிட்டு, கிளிக் என்று கேட்கும்வரை திரும்பச் செருகுங்கள். அதற்கும் எழும்பாவிட்டால் வேறு ரேம் ஒன்றைக் கடன் வாங்கிப் போட்டுப் பாருங்கள். கையோடு சார்ஜரையும் பாருங்கள்: ஈஇஇ 901, 1000 வகைக்கு 12 வோல்ட், ஏசருக்கு 19. முனை பொருந்துகிறது என்பதற்காக மாற்றிச் செருக வேண்டாம்.