வட கரோலினாவில் இலை நிறம் மாறுவதைப் பார்க்க பைக்கில் போக வேண்டும். எந்தத் தேதியில் லீவு போடலாம்?

நீங்கள் சார்லட்டில் இருக்கிறீர்கள், அக்டோபரில் மூன்று நாள் லீவு கிடைக்கும், ப்ளூ ரிட்ஜ் பார்க்வே என்ற மலைச்சாலையில் பைக் ஓட்ட ஆசை, நிறம் உச்சத்தில் இருக்கும் தேதி மட்டும் தெரிந்தால் போதும் என்று கேட்டிருக்கிறீர்கள். புயலால் சாலை மூடிக்கிடந்த 2024ஐத் தவிர, ஏழு வருடமாக ஒவ்வொரு இலையுதிர்காலத்திலும் நான் அங்கே போய் வருகிறேன். அந்த அனுபவத்தில் சொல்கிறேன்: தேதியைத் தேடாதீர்கள், உயரத்தைத் தேடுங்கள்.

முதல் வருடம் நானும் தேதியைத்தான் தேடினேன். 'அக்டோபர் கடைசி வாரம் போ' என்று யாரோ சொன்னார்கள். விடியற்காலையில் கிளம்பி நேராக பார்க்வேயின் மைல்கல் 418இல் இருக்கும் கிரேவ்யார்ட் ஃபீல்ட்ஸுக்குப் போனேன். மரங்கள் எல்லாம் மொட்டையாக நின்றன. ஏறக்குறைய 5,100 அடி உயரம் அது. அங்கே இலை எல்லாம் கொட்டி இரண்டு வாரம் ஆகியிருந்தது. மனம் விட்டுப்போய்த் திரும்பும்போது, மைல்கல் 412இல் பார்க்வேயை விட்டு 276ஆம் எண் சாலையில் பிரெவார்டு பக்கம் இறங்கினேன். இறங்க இறங்க முதலில் அங்கொன்றும் இங்கொன்றுமாக ஒரு ஓக், பிறகு வரிசையாக ஹிக்கரி. பத்து மைல் போல இறங்கி லுக்கிங் கிளாஸ் அருவிக்கு வந்தபோது இரண்டு பக்கமும் மஞ்சளும் சிவப்பும் சாலை மேல் கவிந்திருந்தன. மேலே முடிந்துபோயிருந்தது, கீழே நடந்துகொண்டிருந்தது. அரை மணி நேர ஓட்டத்தில் இரண்டு வாரத்தைக் கடந்திருந்தேன்.

காரணம் எளிது. பகல் நேரம் குறையத் தொடங்கியதும் மரம் இலையில் பச்சையம் தயாரிப்பதை நிறுத்துகிறது. பச்சை போனதும், இலைக்குள் முன்பே இருந்த மஞ்சள் தெரிய வருகிறது. சிவப்பு அப்படி இல்லை. அது அந்தச் சமயத்தில்தான் புதிதாக உண்டாகிறது. இலைக் காம்பின் அடியில் அடைப்பு விழ, சர்க்கரை இலையிலேயே தங்கிவிடுகிறது. நல்ல வெயில் அடிக்கும் பகலும், உறையாத அளவு குளிர்ந்த இரவும் சேர்ந்து வந்தால் சிவப்பு நன்றாக ஏறும். இரவு வெதுவெதுப்பாகவே இருந்தால் சிவப்பு மங்கல்தான். உயரத்தில் குளிர் முதலில் வருவதால் நிறமும் அங்கேயே முதலில் வந்து, நாளாக நாளாக மலையை விட்டுக் கீழே இறங்குகிறது. ஊரில் மாசி பங்குனியில் வேம்பு இலை கொட்டுவதை மட்டும் பார்த்து வளர்ந்த எனக்கு, ஒரு பருவம் மலை மேலிருந்து கீழே நடந்து வருவதைக் கண்ணால் பார்ப்பது இன்றைக்கும் பெரிய விஷயமாகத்தான் இருக்கிறது.

இப்போது கணக்கு. 5,000 அடிக்கு மேலே பெரும்பாலும் அக்டோபர் முதல் பத்து நாள். 3,000 முதல் 4,000 அடி வரை மாதத்தின் நடுப்பகுதியும் மூன்றாவது வாரமும். ஆஷ்வில் ஊரும் சுற்றியுள்ள பள்ளத்தாக்கும் சுமார் 2,100 அடி. அங்கே அக்டோபர் கடைசியும் நவம்பர் முதல் சில நாளும். ஆகவே, ஒரே நாளில் இரண்டாயிரம் அடியிலிருந்து ஆறாயிரம் அடி வரை ஏறி இறங்கும் பாதையாகப் பார்த்துத் தேர்ந்தெடுத்தால் போதும். எந்த வாரம் போனாலும் நிறம் எங்காவது ஓரிடத்தில் உங்களுக்குக் கிடைத்துவிடும். நடுவில் பலத்த காற்றோடு மழை பெய்தால் மட்டும் கணக்கு மாறும். நல்ல நிறத்தில் இருக்கும் இலையை அது ஒரே இரவில் உதிர்த்துவிடும்.

அப்படிப் பார்த்தால் ஆஷ்விலுக்குத் தெற்கே, மைல்கல் 389இல் ஏறி 469இல் செரோக்கியில் முடியும் 80 மைல்தான் என் முதல் தேர்வு. பார்க்வே முழுதும் 469 மைல். வேலை 1935இல் தொடங்கி, கடைசித் துண்டு சேர்ந்து முழுமையானது 1987இல். அந்தக் கடைசித் துண்டில்தான் கிராண்ட்ஃபாதர் மலையைச் சுற்றி வளையும் லின் கோவ் பாலம் இருக்கிறது, மைல்கல் 304இல். இன்னொரு நாள் அதற்காகவே வடக்கே போகலாம். ஆனால் உயர வித்தியாசம் வேண்டுமென்றால் தெற்குப் பகுதிதான். மைல்கல் 431இல் ரிச்லாண்ட் பால்சம் அருகே சாலை 6,053 அடியைத் தொடுகிறது. மொத்தப் பார்க்வேயிலும் அதுதான் உச்சி. அந்த உயரத்தில் ஊசியிலை மரங்கள்தான் அதிகம், அவை நிறம் மாறாது. கரும்பச்சைக்கு நடுவே நின்று கீழே பார்த்தால் சரிவு முழுவதும் பட்டை பட்டையாக நிறம் மாறுவது தெரியும். எந்த உயரத்தில் இன்றைக்கு நன்றாக இருக்கிறது என்பதை அங்கே நின்றே கண்டுபிடித்துவிடலாம்.

காலையில் ஆஷ்விலில் இருந்து மேற்கே போங்கள், மதியத்துக்கு மேல் கிழக்கே திரும்புங்கள். போகும்போதும் வரும்போதும் வெயில் முதுகுப்பக்கம் இருக்கும். அக்டோபரில் சூரியன் தாழ்வாக இருப்பதால், எதிரே வந்தால் வளைவில் ஒன்றும் தெரியாது. அதே சமயம், வெளிச்சம் இலைக்குப் பின்னால் இருந்து வரும்போதுதான் நிறம் எரிகிற மாதிரி தெரியும். அதற்கு வியூ பாயிண்டில் வண்டியை நிறுத்தி, வந்த வழியைத் திரும்பிப் பாருங்கள். ஓட்டிக்கொண்டே பார்க்க வேண்டாம்.

வேக வரம்பு மணிக்கு 45 மைல். இந்தச் சீசனில் கார்கள் ஊர்ந்து போவதால் 30 கூடக் கிடைக்காத இடங்கள் உண்டு. அதனால் சனி, ஞாயிறு வேண்டாம். செவ்வாய், புதன், வியாழன் என்று லீவு போடுங்கள். பார்க்வேயில் பெட்ரோல் பங்க் ஒன்றுகூடக் கிடையாது. ஆஷ்விலில் டேங்கை நிரப்பிக்கொண்டு ஏறுங்கள். நடுவில் தேவைப்பட்டால் மைல்கல் 443இல் இறங்கி வேன்ஸ்வில் போகலாம். தங்குவதற்கும் ஆஷ்விலை விட வேன்ஸ்வில், பிரெவார்டு போன்ற சின்ன ஊர்களே எனக்குப் பிடிக்கும். ஒரு நாள் முழுக்க மழை பிடித்துக்கொண்டால் மேகி வேலியில் வீல்ஸ் த்ரூ டைம் என்று ஒரு அருங்காட்சியகம் இருக்கிறது. பழைய அமெரிக்க மோட்டார் சைக்கிள்களாக நிறைத்து வைத்திருக்கிறார்கள். நேரம் போவதே தெரியாது.

சாலையைப் பற்றிக் கொஞ்சம் நீட்டியே சொல்ல வேண்டும். நீங்கள் பார்க்கப் போகிற அந்த இலைதான் டயருக்கு எதிரி. காய்ந்த இலை பரவாயில்லை. நனைந்த இலை எண்ணெய் மாதிரி. மூன்றாவது வருடம், முதல் நாள் மழை பெய்து மறுநாள் பளிச்சென்று வெயில் அடித்தது. சாலை காய்ந்துவிட்டது என்று நினைத்து ஒரு வலது வளைவில் சாதாரணமாகத்தான் சாய்த்தேன். மலையின் நிழல் விழுந்த பக்கம் அது. இலை ஒன்றின் மேல் ஒன்றாக ஒட்டி ஈரமாகவே கிடந்தது. பின் சக்கரம் வழுக்கி, வண்டி ஒரு முழம் வெளியே போய், ஈரம் இல்லாத இடம் வந்ததும் பிடித்துக்கொண்டது. எதிரே கார் வராததால் தப்பினேன். அன்றிலிருந்து நிழல் விழுந்த வளைவு எதுவானாலும், வளைவுக்கு முன்பே வேகத்தைக் குறைத்துவிட்டு, வளைவுக்குள் பிரேக்கைத் தொடாமல், கார் டயர் ஓடித் தேய்த்து வைத்திருக்கும் தடத்திலேயே போகிறேன். நடுக்கோட்டுப் பக்கமும் ஓரமும்தான் இலை குவியும். குவியலுக்கு அடியில் குழி இருந்தாலும் தெரியாது. ஓக் மரத்தடியில் அதன் காய்கள் கோலிகுண்டு மாதிரி உருளும், அதையும் பாருங்கள். பார்க்வேயின் சில வளைவுகள் போகப் போக இன்னும் இறுகும். கொடைக்கானல் சாலையில் ஓட்டிப் பழகியவர்களுக்கும் இது புதிதாக இருக்கும், ஏனென்றால் இங்கே சாலை பார்க்க அவ்வளவு சாதுவாக இருக்கிறது.

அப்புறம், குகைப்பாதைகள். ஆஷ்விலுக்கும் பிஸ்கா மலைக்கும் நடுவில் நிறைய வரும், உள்ளே விளக்கு கிடையாது. கறுப்பு வைசர் போட்டிருந்தால் நுழைவதற்கு முன்பே தூக்கிவிடுங்கள். மான்களுக்கு இது இணை சேரும் காலம், மாலை மங்கும் நேரத்தில் யோசிக்காமல் சாலையில் பாயும். ஒன்று தாண்டினால் பின்னாலேயே இன்னொன்று வரும் என்று வைத்துக்கொள்ளுங்கள். நான் சூரியன் மறைவதற்கு ஒரு மணி நேரம் முன்பே மலையை விட்டு இறங்கிவிடுவேன்.

குளிரைக் குறைத்து எடை போடாதீர்கள். ஆயிரம் அடிக்கு மூன்று, நான்கு டிகிரி பாரன்ஹீட் குறையும். ஆஷ்விலில் 50 டிகிரி என்றால் உச்சியில் 40க்குக் கீழே இருக்கலாம், அதில் ஓடுகிற வண்டியின் காற்றும் சேரும். கை விறைத்துவிட்டால் பிரேக் பிடிக்கத் தாமதமாகும். ஒரே தடித்த ஜாக்கெட்டை விட இரண்டு மூன்று அடுக்குத் துணி நல்லது, மதியம் கழற்றிக்கொள்ளலாம். கையுறை மட்டும் இரண்டு ஜோடி எடுத்துக்கொள்ளுங்கள்.

கிளம்பும் அன்று காலை தேசியப் பூங்காச் சேவையின் இணையதளத்தில் எந்த மைல்கல்லில் இருந்து எதுவரை திறந்திருக்கிறது என்று பார்த்துவிடுங்கள். 2024 செப்டம்பர் கடைசியில் ஹெலீன் புயல் இந்தச் சாலையைப் பல இடத்தில் மண்ணோடு அடித்துப்போனது. புயல் இல்லாவிட்டாலும் பனிமூட்டத்துக்கும் வேலைக்கும் திடீரென்று மூடுவார்கள்.

லீவு தேதியை இன்றே சொல்லியாக வேண்டும் என்றால், அக்டோபர் மூன்றாவது வாரத்தின் செவ்வாய் முதல் வியாழன் வரை போடுங்கள். முதல் நாள் ஆஷ்விலில் இருந்து செரோக்கி வரை போய் வாருங்கள், எந்த உயரத்தில் நிறம் நிற்கிறது என்று தெரிந்துவிடும். இரண்டாம் நாள் அந்த உயரத்திலேயே சுற்றுங்கள். மூன்றாம் நாள் விடியற்காலையில் 276இல் ஏறி, பள்ளத்தாக்கில் மூடுபனி கலைவதற்குள் பார்க்வேயில் ஏதாவது ஒரு வியூ பாயிண்டுக்குப் போய்விடுங்கள். கீழே வெள்ளையாக மேகம் நிறைந்திருக்க, மலை முகடுகள் மட்டும் சிவந்து வெளியே நிற்கும். ஒன்பது, பத்து மணி வரைதான் அது இருக்கும், அதற்குள் போய் நில்லுங்கள்.