பிள்ளை வளர்ப்பு: உங்கள் கேள்விகளும் பதில்களும்

கேள்வி: மகனுக்கு மூன்றரை வயது. கடைக்குக் கூட்டிப் போனால் ரொபி கேட்டு நிலத்தில் விழுந்து உருளுகிறான். ஏசியும் பார்த்தேன், அடித்தும் பார்த்தேன். நான் இல்லை என்றால் அம்மம்மாவிடம் போய் வாங்கிக்கொள்கிறான். நாங்கள் இருப்பது அம்மாவின் வளவுக்குள்.
– ஒரு தாய், செங்கலடி

பதில்: ஒன்றரை வயதிலிருந்து மூன்று, மூன்றரை வரை அடம் உச்சத்தில் இருக்கும். ஆசையை அடக்கும் பக்குவம் இன்னும் வரவில்லை, மனதில் உள்ளதைச் சொல்லப் பேச்சும் போதவில்லை. நான்கு வயது தாண்டும்போது பெரும்பாலான பிள்ளைகளிடம் இது தானாகத் தணியும். உங்கள் மகனிடம் இதோடு இன்னொன்றும் சேர்ந்திருக்கிறது. பத்துத் தடவையில் எட்டுத் தடவை மறுத்து, இரண்டு தடவை கிடைத்தால் அவன் மனதில் நிற்பது அந்த இரண்டும்தான். எவ்வளவு நேரம் கத்தினால் கிடைக்கும் என்று தெரியாததால் கிடைக்கும்வரை கத்துவான். இடைக்கிடை விட்டுக்கொடுப்பதுதான் அடத்தை வளர்க்கிறது.

ஆகவே முதல் வேலை கடையில் இல்லை, வீட்டில். கலியாணம் முடித்த பிறகும் மகள் தாயின் வளவில் இருப்பது எங்கள் கிழக்கிலங்கைப் பகுதியின் வழக்கம். பிள்ளைக்கு அது பெரிய கொடை. அதனால் ‘ஒன்றும் கொடுக்காதீர்கள்’ என்று அம்மம்மாவைத் தடுக்க வேண்டாம், அது அவர் மனதை நோகச் செய்யும், பலிக்கவும் மாட்டாது. பிள்ளை இல்லாத நேரம் பார்த்துப் பேசி ஒரு ஒழுங்குக்கு வாருங்கள்: பின்னேரத் தேத்தண்ணி நேரத்தில், அவன் அழாமல் இருக்கும்போது, அம்மம்மா கையால் ஒரு பிஸ்கட். அழுதுகொண்டு வந்தால் அம்மம்மாவும் ‘இல்ல மகன்’ என்பார். அவருடைய கொடுக்கும் உரிமை அப்படியே இருக்கும், நேரம் மட்டும் மாறும்.

இனி கடை. பசியோடும் நித்திரைத் தூக்கத்தோடும் கூட்டிப் போக வேண்டாம். மூன்று, நான்கு வயதுப் பிள்ளைக்குப் பகல் தூக்கத்தையும் சேர்த்து நாளுக்கு 10 முதல் 13 மணித்தியாலம் நித்திரை வேண்டும். அது குறைந்த நாளில் எந்த முறையும் பலிப்பது கடினம். படலை தாண்டுமுன், “பாணும் பருப்பும் வாங்கப் போறம். இண்டைக்கு ரொபி இல்ல” என்று ஒரே வசனத்தில் சொல்லுங்கள். கடையில் அவனுக்கும் ஒரு வேலை கொடுங்கள், நான்கு வெங்காயம் பொறுக்கிப் போடட்டும். அழத் தொடங்கினால் அவன் உயரத்துக்குக் குந்தி, “உனக்கு வேணும் எண்டு தெரியும். இண்டைக்கு இல்ல” என்று ஒரு தரம் மட்டும் சொல்லுங்கள். பிறகு விளக்கம் வேண்டாம், கத்தும் பிள்ளையின் காதில் அது ஏறாது. வெளியே நிழலுக்குத் தூக்கிக்கொண்டு போய் அடங்கும்வரை பக்கத்தில் நில்லுங்கள். அடங்கியதும் அணைக்கலாம், ஆனால் வாங்கிக் கொடுக்கக் கூடாது.

முதல் ஒன்றிரண்டு கிழமை அடம் கூடும். பழைய வழி பலிக்கவில்லை என்றால் இன்னும் பலமாக முயன்று பார்ப்பது பிள்ளையின் இயல்பு. பல பெற்றோர் மனம் தளர்வது இந்த இடத்தில்தான். அப்போது விட்டுக்கொடுத்தால், இன்னும் பலமாகக் கத்த வேண்டும் என்றே அவன் படிப்பான். அடி அந்த நிமிடம் வாயை மூட வைக்கும், ஆனால் கோபம் வந்தால் கை நீட்டலாம் என்பதை நீங்களே காட்டிக்கொடுத்ததாகிவிடும்.

மூன்று வயது தாண்டியும் சின்ன வசனம் பேசாவிட்டால், பெயர் சொல்லிக் கூப்பிட்டும் திரும்பாவிட்டால், தன்னையே காயப்படுத்தினால், கிளினிக் கொப்பியை எடுத்துக்கொண்டு உங்கள் பகுதிக் குடும்பநல மாதுவைப் பாருங்கள். அவர் உரிய வைத்தியரிடம் அனுப்புவார்.

கேள்வி: மகளுக்கு நாலு வயது. மலசலகூடம் போகத் தெரியும், ஆனால் கதவுக்குப் பின்னால் காலைப் பின்னிக்கொண்டு நின்று உள்ளாடையிலேயே கொஞ்சம் கொஞ்சமாகக் கழிக்கிறாள். சோம்பல் என்று உம்மா ஏசுகிறார்.
– ஒரு வாப்பா, அக்கரைப்பற்று

பதில்: ஏச்சை இன்றே நிறுத்துங்கள். நீங்கள் எழுதியிருப்பது பெரும்பாலும் மலச்சிக்கலின் அடையாளம். ஒரு நாள் இறுகிய மலம் நோகடித்திருக்கும், அந்தப் பயத்தில் பிள்ளை அடக்கத் தொடங்கும். அடக்க அடக்க மலம் இன்னும் இறுகும், மலக்குடல் விரிந்து முட்டும் உணர்வே மங்கிவிடும். இறுகிய கட்டியின் ஓரத்தால் இளகிய மலம் கசிவது அவளுக்கே தெரியாது. இதை வயிற்றோட்டம் என்று நினைத்து அதற்கு மருந்து கொடுத்தால் நிலைமை மோசமாகும்.

முதலில் வைத்தியரிடம் காட்டி, தேங்கியதை வெளியேற்ற மலமிளக்கி பெறுங்கள். அளவை அவர் சொல்வார். இரண்டு நாள் நன்றாகப் போனதும் மருந்தை நிறுத்துவதுதான் அடிக்கடி நடக்கும் பிழை. விரிந்த குடல் பழைய நிலைக்கு வர மாதக்கணக்கு ஆகும். காலையும் இரவும் சாப்பிட்ட பின் ஐந்து முதல் பத்து நிமிடம் இருத்துங்கள், சாப்பாடு உள்ளே போனதும் குடல் தானாக அசையும். கொமட் என்றால் பாதம் ஊன்ற ஒரு பலகை வையுங்கள், கால் தொங்கினால் முக்க முடியாது. குழிக்குப் பயந்தால் சின்னப் பிள்ளைகள் இருந்து மலம் கழிக்கும் ‘பொட்டி’ போதும். மலம் வராவிட்டாலும், இருந்ததற்காகப் பாராட்டுங்கள். பால்மாவைக் கரைத்துக் கோப்பை கோப்பையாகக் கொடுக்கும் வீடுகளில் பிள்ளைக்குச் சோற்றுக்கும் கீரைக்கும் வயிற்றில் இடமிருக்காது. நாளுக்கு இரண்டு கோப்பைக்கு மேல் பால் தேவையில்லை. பப்பாசி, கீரைச்சுண்டல், தண்ணீர் இவற்றைக் கூட்டுங்கள். மலத்தில் இரத்தம், வயிறு ஊதல், வாந்தி, நிறை குறைதல் கண்டால் காத்திருக்க வேண்டாம்.

கேள்வி: பேத்தி நேசரி வாசலில் என் சேலையைப் பிடித்துக்கொண்டு அழுகிறாள். அவள் விளையாடும்போது சொல்லாமல் நழுவி வந்துவிடலாமா?
– ஒரு அம்மம்மா, களுவாஞ்சிகுடி

பதில்: நழுவ வேண்டாம். எந்த நேரம் நீங்கள் காணாமல் போவீர்களோ என்று மறுநாள் சேலையை இன்னும் இறுக்கிப் பிடிப்பாள். ஒரு கொஞ்சல், “கஞ்சி குடிச்சு முடிய அம்மம்மா வருவன்” என்று அவளுக்கு விளங்கும் ஒரு நேரக்குறி, பிறகு ரீச்சர் கையில் கொடுத்துவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் வாருங்கள். அழுகை எவ்வளவு நேரத்தில் நிற்கிறது என்று ரீச்சரிடம் கேளுங்கள். சில நிமிடத்தில் நின்று விளையாடுகிறாள் என்றால் யோசிக்க ஒன்றுமில்லை. பெரும்பாலும் இரண்டு, மூன்று கிழமையில் பழகிவிடுவார்கள், நீண்ட லீவுக்குப் பிறகு சில நாள் அழுகை திரும்ப வரலாம். கூட்டிவரும்போது மட்டும் பிந்த வேண்டாம், சொன்ன நேரத்துக்கு வாசலில் நில்லுங்கள்.