குழுவில் என்ன பேசலாம்?

அன்புள்ள ஐயா,

திருப்பூரில் ஒரு பனியன் ஏற்றுமதி நிறுவனத்தில் ஆர்டர்களைக் கவனித்துக்கொள்ளும் மெர்ச்சண்டைசராக இருக்கிறேன். மூன்று ஆண்டுகளாக ஒரு வாட்ஸப் குழுவில் எழுதுகிற, எழுத ஆசைப்படுகிற ஆறு பேர் பேசிக்கொண்டிருக்கிறோம். நேரில் யாரும் யாரையும் பார்த்ததில்லை. முதலில் கதை, கட்டுரை என்று பேசினோம். போகப்போக ஆபீஸ், பிள்ளைகள் படிப்பு, மாமியார் உடம்பு என்று வெட்டி அரட்டையாகிவிட்டது. அதனால் சில மாதங்களுக்கு முன் ‘இனி இலக்கியம் மட்டும்’ என்று விதி வைத்தோம். மஸ்கட்டில் இருக்கும் நண்பருக்கு மட்டும் அது பிடிக்கவில்லை போல. நல்ல வாசகர், ஆனால் எந்நேரமும் மகளைப் பற்றியே பேசுவார். விதி வந்தபின் அவர் எழுதுவதே இல்லை. குழுவும் கொஞ்சம் ஓய்ந்துதான் கிடக்கிறது. நாங்கள் செய்தது சரிதானே? ஒரு நாளைக்கு எத்தனை மணி நேரம் வாசிக்க வேண்டும்? போனிலேயே கதை எழுதலாமா? எங்கள் அரட்டை எந்த லட்சணத்தில் இருந்தது என்று தெரிவதற்காக நான் போட்ட பதிவு ஒன்றையும், என் சிறுகதை ஒன்றையும் இணைத்திருக்கிறேன்.

ம.

அன்புள்ள ம.,

நீங்கள் செய்தது சரியில்லை.

எழுத்தாளர் கு. அழகிரிசாமி, தன்னைப் போலவே எழுத்தாளரான கி. ராஜநாராயணனுக்கு (கி.ரா.) எழுதிய கடிதங்களை மறுபடி எடுத்துப் படித்துக்கொண்டிருந்த நேரத்தில் உங்கள் கடிதம் வந்தது. இல்லாவிட்டால் இதற்கு இத்தனை நீளமாகப் பதில் எழுதியிருக்க மாட்டேன். இருவரும் கோவில்பட்டி பக்கத்து இடைசெவல்காரர்கள், சின்ன வயதிலிருந்தே சேக்காளிகள். பின்னால் அழகிரிசாமி பிழைப்புக்காகச் சென்னை போனார், 1952இல் கோலாலம்பூருக்குத் ‘தமிழ் நேசன்’ பத்திரிகை வேலைக்குப் போனார். கி.ரா. ஊரிலேயே விவசாயம் பார்த்தார். அந்தத் தூரத்தைக் கடிதங்கள்தான் நிரப்பின. ‘இலக்கியம் மட்டும்’ என்று அவர்கள் விதி வைத்துக்கொள்ளவில்லை. சங்கீதம், ஊர், வீடு, உடம்பு, வேலை எல்லாம் அந்த நட்புக்குள் இருந்தது. கி.ரா. அந்தக் காகிதங்களைப் பத்திரப்படுத்தி வைத்ததால் நாம் படிக்கிறோம். சிறுகதை எழுத்தாளர் புதுமைப்பித்தனை எடுத்துக்கொள்ளுங்கள். அவர் சென்னையில், மனைவி கமலா திருவனந்தபுரத்தில். அவளுக்கு எழுதியதில் பணம் அனுப்ப முடியாத தவிப்பும், பிரிந்திருக்கிற வேதனையும், உடம்பைப் பார்த்துக்கொள் என்ற கெஞ்சலும்தான் நிறைய. இதையும் ‘வெட்டி’ என்று ஒதுக்குவீர்களா?

சரி, உங்கள் குழுவுக்கு வருகிறேன். அந்த மஸ்கட் நண்பரைப் பற்றி நான்கே வரி எழுதியிருக்கிறீர்கள். உங்கள் கடிதம் முழுக்க எனக்கு அந்த நான்கு வரிதான் தெரிகிறது. ‘போல’ என்கிறீர்கள். அவரிடம் கேட்கவில்லையா? மூன்று ஆண்டு பழகிய ஒருவர் மாதக்கணக்கில் பேசாமல் இருக்கிறார், ஏன் என்று கேட்க ஐந்து பேரில் ஒருவருக்குக்கூடத் தோன்றவில்லையா? குடும்பத்தை ஊரில் விட்டுவிட்டு வளைகுடாவில் தனியாக இருக்கிற மனிதர் என்றால், மகள் வளர்வதை அவர் போனில்தான் பார்க்கிறார். அதைச் சொல்ல அவருக்கு ஆள் வேண்டியிருக்கிறது. உங்களிடம் சொன்னார். நீங்கள் கதவைச் சாத்திவிட்டு, இலக்கியத்தைக் காப்பாற்றிவிட்டதாக நினைத்துக்கொண்டீர்கள்.

எனக்குக் கோபம் வருகிறது, மறைக்கப் போவதில்லை.

2000களின் தொடக்கத்தில் எங்களுக்கும் இப்படி ஒரு கூட்டம் இருந்தது. யாகூ மெசஞ்சரில் அரட்டை அடித்த காலம். திஸ்கி என்ற பழைய தமிழ் எழுத்துக் குறியீட்டில் ஒருவர் அடித்ததை இன்னொருவர் கணினி கட்டம் கட்டமாகக் காட்டும், பாதி நேரம் எழுத்துருவைச் சரிசெய்வதிலேயே போய்விடும். சிங்கப்பூரில் ஒருவர், நியூ ஜெர்சியில் ஒருவர், சென்னையில் இரண்டு பேர், மதுரையில் நான். நியூ ஜெர்சிக்காரர் என் கதைகளைக் கிழித்துத் தோரணம் கட்டுவார். இரண்டாம் பத்தி எதற்கு, இந்தக் கிழவி ஏன் பேராசிரியர் மாதிரி பேசுகிறாள், முடிவை முதல் பக்கத்திலேயே சொல்லிவிட்டாயே என்று வரி வரியாகக் கேட்பார். ஒரு நாளும் எனக்கு மனம் சுணங்கியதில்லை.

ஏன் என்று சொல்கிறேன். அப்பா சிறுநீரகக் கோளாறோடு ஆஸ்பத்திரியில் கிடந்தபோது, ராத்திரி சாப்பாட்டுக்கு இறங்கும்போதெல்லாம் எதிரே இருந்த பிரவுசிங் சென்டரில் போய் உட்காருவேன். நியூ ஜெர்சிக்காரர் அங்கே ஆபீஸ் வந்து சேரும் நேரம். உள்ளே நுழைந்ததும், ‘இன்றைக்கு கிரியாட்டினின் எவ்வளவு?’ என்பார். சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று காட்டும் ரத்தப் பரிசோதனை அளவு அது. அடுத்த கேள்வி, ‘யூரின் எவ்வளவு போனார், அளந்து எழுதி வைக்கிறார்களா?’ அவருடைய அப்பா டயாலிசிஸில் இருந்து இறந்தவர். காலையில் டாக்டர் ரவுண்ட்ஸ் வரும்போது என்ன கேட்க வேண்டும் என்று அடித்து அனுப்புவார், நான் பில்லின் பின்பக்கத்தில் எழுதிக்கொண்டு போவேன். அந்த நாட்களில் எங்களுக்குள் இலக்கியம் பற்றி ஒரு வார்த்தை கிடையாது. அப்பா வீடு திரும்பியபின் அவர் அனுப்பிய முதல் செய்தி, ‘இப்போது சொல்கிறேன், போன மாதம் வந்த உன் கதை மோசம்.’

அப்படிச் சொல்லும் உரிமை அவருக்கு எங்கிருந்து வந்தது? கிரியாட்டினின் கேட்டதிலிருந்து வந்தது. உங்கள் குழு ஏன் ஓய்ந்து கிடக்கிறது என்று உங்களுக்கு இன்னும் விளங்கவில்லையா? வீட்டு விஷயம் தெரியாதவரிடம் ‘உன் கதை சரியில்லை’ என்று சொல்ல நாக்கு எழாது. மீறிச் சொன்னால் சண்டை வரும். அதனால் ‘அருமை’, கைகூப்பும் படம், பூங்கொத்து. இலக்கியம் மட்டுமே பேசும் குழுக்களை நான் நிறையப் பார்த்துவிட்டேன். ஒன்று பாராட்டு மடமாகும், இல்லையென்றால் அடிதடியாகும். ஒரு பெண்ணுடைய மாமியாருக்குச் சர்க்கரை எவ்வளவு என்று தெரிந்தவர்கள்தான் அந்தப் பெண் ஆறு மாதமாக ஏன் எழுதவில்லை என்பதையும் புரிந்துகொள்வார்கள். ‘இன்று ஒரு பத்தியாவது எழுது’ என்று அதட்டவும் அவர்களுக்குத்தான் முடியும்.

இனி நீங்கள் இணைத்திருப்பவை. உங்கள் சிறுகதை இப்படித் தொடங்குகிறது: ‘மாலைச் சூரியன் தன் பொற்கதிர்களைச் சுருட்டிக்கொண்ட வேளையில் அவளுடைய மௌனம் பேரிரைச்சலாக ஒலித்தது.’ இதைப் பற்றிச் சொல்ல எனக்கு ஒன்றும் இல்லை. அடுத்து, அரட்டையின் லட்சணத்துக்கு உதாரணமாக நீங்கள் வெட்கப்பட்டு அனுப்பியது:

‘இன்னைக்கு ஒன்றரை ஷிப்டுங்க. பாடி ஒரு கலரு, காலர் ரிப் ஒரு கலருன்னு பையர் க்யூசி லைட் பாக்ஸ்ல வெச்சுக் காட்டறாரு. டியூப்லைட்டுல ரெண்டும் ஒண்ணாத்தான் இருந்துச்சு. நானூறு பீஸ் காலரைப் பிரிக்கோணும். அக்காங்க மூஞ்சிய நிமுந்து பாக்க முடியல. நானும் கத்திரிய எடுத்துட்டு உக்காந்து பிரிச்சேன்.’

அம்மா, இதை அல்லவா எழுத வேண்டும்! ஒன்றரை ஷிப்ட் என்றால் காலை எட்டரையிலிருந்து இரவு எட்டரை என்று திருப்பூரில் எல்லோருக்கும் தெரியும், மற்ற ஊர்க்காரர்களுக்குத் தெரியாது. காலருக்குப் போடும் ரிப் துணியும், சட்டையின் உடம்புப் பகுதியான பாடித் துணியும் தனித்தனி லாட்டில் (தொகுதியில்) சாயமேறி வருகின்றன. நம் தொழிற்சாலை வெளிச்சத்தில் ஒன்றாகத் தெரியும் இரண்டு துணி, ஐரோப்பாவில் ஏதோ ஒரு கடையின் விளக்குக்கு வேறு வேறாகத் தெரிகிறது. அந்த விளக்கை ஒரு பெட்டிக்குள் இங்கேயே கொண்டுவந்து வைத்திருக்கிறார்கள். அதில் வைத்துப் பார்க்கிறவர்தான் பையர் க்யூசி, வாங்கும் கம்பெனியின் தரப் பரிசோதகர். அதற்காக இங்கே நானூறு காலரைப் பிரிக்கிறார்கள். ஆபீஸ் ஏசியில் உட்கார வேண்டிய நீங்கள் அந்தப் பெண்களோடு தரையில் உட்கார்ந்தீர்கள். ஏன்? குற்ற உணர்ச்சியா, ஷிப்மென்ட் தவறிவிடும் என்ற பயமா? அவர்கள் அதை எப்படி எடுத்துக்கொண்டார்கள்? அதை எழுதுங்கள். நண்பர்களுக்கு எழுதும்போது இத்தனை நேராக வருகிற கை, கதை என்று உட்கார்ந்ததும் ஏன் பொற்கதிரைத் தேடுகிறது? நீங்கள் யாருக்காகவோ வேஷம் போடுகிறீர்கள். அந்த அரட்டை இல்லாவிட்டால் உங்களுடைய இந்த மொழி உங்களுக்கே தெரியாமல் போயிருக்கும்.

இன்னொன்று. அந்தப் பழைய உரையாடலை எல்லாம் எக்ஸ்போர்ட் செய்து எங்காவது சேமித்து வையுங்கள். யாகூ மெசஞ்சரை 2018 ஜூலையில் இழுத்து மூடினார்கள். அதற்கு முன்பே 2014இல் ஆர்க்குட் என்ற சமூக வலைத்தளம் போனது. எங்கள் கூட்டத்தின் பேச்சில் ஒரு வரிகூட இன்று யாரிடமும் இல்லை. கி.ரா.வுக்குக் காகிதமாவது மிஞ்சியது.

விதியை இன்றைக்கே எடுத்துவிடுங்கள். மஸ்கட் நண்பருக்குக் குழுவில் செய்தி போட வேண்டாம், நேரே போன் செய்யுங்கள். இலக்கியம் பேச வேண்டாம், மகள் என்ன படிக்கிறாள் என்று கேளுங்கள்.

எத்தனை மணி நேரம் வாசிப்பது என்பதற்கெல்லாம் கணக்குக் கிடையாது. போனில் எழுதலாமா என்றால், தாராளமாக. அந்த நானூறு காலரை நீங்கள் போனில்தானே எழுதினீர்கள்?

அன்புடன்.