வேலிக்கு அந்தப் பக்கம் – கடிதமும் பதிலும்

அன்புள்ள ஐயாவுக்கு,

நில அளவை பற்றி நீங்கள் எழுதுவதைத் தொடர்ந்து படித்துவருகிறேன். சிவில் டிப்ளமா முடித்து, ஒன்றரை ஆண்டாகத் தனியார் அளவை நிறுவனம் ஒன்றில் வேலை பார்க்கிறேன். இப்போது தாராபுரம் பக்கம் சூரிய மின்நிலையத்துக்கான நிலங்களை அளக்கிறோம். மூன்று பேர், கோணமும் தூரமும் அளக்கும் டோட்டல் ஸ்டேஷன் ஒன்று, கம்பில் பொருத்தி எடுத்துப்போகும் ஜிபிஎஸ் ரோவர் ஒன்று. ஒரு நாளைக்கு இத்தனை ஏக்கர் முடிக்க வேண்டும் என்று கணக்கு உண்டு.

எங்கள் தொல்லை வேலிகள்தான். தோட்டங்களுக்கு ஆளுயரத்துக்கு முள்கம்பி, பண்ணை வீடுகளைச் சுற்றி எட்டடி வலைக்கம்பி. கதவு எங்கோ அரை கிலோமீட்டர் தள்ளிப் பூட்டிக் கிடக்கும். அதனால் ஏறிக் குதித்துவிடுகிறோம். சென்ற வாரம் மேல்கம்பியில் என் கால்சட்டை மாட்டிக்கொண்டது. தடுமாறியதில் உள்ளங்கை கிழிந்து நான்கு தையல் போட்டார்கள். எங்கள் சீனியர், "வேலி தாண்டத் தெரியாதவன் சர்வேயரே இல்லை, பழகிவிடும்" என்று சிரிக்கிறார்.

உயரமான கம்பி வேலியைக் காயமில்லாமல் தாண்டுவது எப்படி? உங்கள் காலத்தில் நீங்கள் எப்படித் தாண்டினீர்கள்?

ச., தாராபுரம்

*

அன்புள்ள ச.,

உங்கள் இரண்டாவது கேள்விக்கு முதலில் பதில். மோசமாகத்தான் தாண்டினேன். வேலைக்குச் சேர்ந்த புதிதில், காங்கேயம் பக்கத்தில் ஒரு தோட்டத்து வேலி. ஐந்து வரிசை முள்கம்பி, கல்தூண். தூணைப் பிடித்து ஏறினால் பத்திரம் என்று நினைத்தேன். பாதி ஏறும்போது தூண் இடுப்பளவில் முறிந்து, என்னோடு சேர்ந்து சாய்ந்தது. கருங்கல் மேலிருந்து வரும் பாரத்தைத் தாங்கும், பக்கவாட்டில் இழுத்தால் சொல்லாமல் ஒடியும். தொடையில் ஒரு சாண் நீளத்துக்குக் கிழிந்தது. தோட்டக்காரர் தூணுக்குக் காசு வாங்கிக்கொண்டுதான் என்னை விட்டார். காயத்தைக் கழுவத் தண்ணீர் கொண்டுவந்து தந்தவர் அவருடைய மனைவி. அந்த அம்மா கேட்டது இன்னும் நினைவிருக்கிறது: "அந்தப் பக்கம் படல் திறந்துதானே தம்பி கிடக்கிறது?"

உண்மையில் திறந்துதான் கிடந்தது. நான் போய்ப் பார்க்கவில்லை. இப்போது உங்கள் கணக்கைப் போட்டுப் பாருங்கள். அரை கிலோமீட்டர் நடக்க ஆறேழு நிமிடம். நான்கு தையலுக்கு எத்தனை நாள் வேலை போயிற்று?

உங்கள் சீனியர் சொல்வதில் எனக்கு உடன்பாடில்லை. நம்முடைய தொழிலே போக முடியாத இடத்தை அளப்பதற்காக வளர்ந்தது. 1802 ஏப்ரலில் ஆங்கிலேய நில அளவர் வில்லியம் லாம்டன் பரங்கிமலைப் பக்கம் அடிக்கோடு, அதாவது மற்றக் கணக்குகளுக்கு அடிப்படையான முதல் கோடு, அளக்கத் தொடங்கினார். சங்கிலி வைத்து நேராக அளந்தது ஏறத்தாழ 12 கிலோமீட்டர். அதன்பின் தெற்கே போன தூரமெல்லாம் பெரும்பாலும் முக்கோணம்தான். இரண்டு இடத்தில் நின்று கோணம் பார்த்தால் மூன்றாவது இடம் தானாக வந்து விழும். அங்கே கால் வைக்க வேண்டியதில்லை. வேலிக்கு அந்தப் பக்கம் நிற்கும் எல்லைக்கல்லுக்கும் இதே கணக்குதான். இந்தப் பக்கம் இரண்டு புள்ளி வையுங்கள், இடைத்தூரத்தை அளந்துகொள்ளுங்கள், இரண்டிலிருந்தும் கல்லுக்குக் கோணம் எடுங்கள். கல்லருகே அமையும் கோணம் 90 பாகைக்குப் பக்கத்தில் இருந்தால் நல்லது. 30க்குக் கீழே போனால் பிழை பெருகும். கல் கண்ணுக்குத் தெரிய வேண்டும் என்பது ஒன்றே நிபந்தனை. புல் மூடிக் கிடந்தால் தோட்டத்து ஆளிடம் சொல்லி அதன்மேல் ஒரு குச்சியை நட்டுவைக்கச் சொல்லலாம்.

டோட்டல் ஸ்டேஷன் கையில் இருக்கும்போது இன்னும் சுலபம். கதிரைத் திருப்பி அனுப்பும் பிரிசக் கண்ணாடி இல்லாமல் லேசரிலேயே தூரம் எடுக்கலாம். ஆனால் வலைக்கம்பி வழியாகச் சுடும்போது கருவி ஏமாறும். கதிரில் ஒரு பகுதி கம்பியில் பட்டுத் திரும்பினால், கல்லின் தூரத்துக்குப் பதிலாக வேலியின் தூரத்தைக் காட்டிவிடும். எண் பிழையில்லாததுபோல் திரையில் நிற்கும். கருவியைச் சற்றுத் தள்ளி வைத்து மறுபடியும் எடுத்து ஒப்பிடாமல் அந்த எண்ணை எழுதாதீர்கள். பிரிசக் கம்பை நீட்டி வேலிக்கு மேலே தூக்கிப் பிடிப்பவர்களும் உண்டு. கம்பு 3 மீட்டர் உயரத்தில் இருக்கும்போது ஒரே ஒரு பாகை சாய்ந்தாலும் 5 சென்டிமீட்டர் தள்ளிப்போகும். உட்பிரிவு அளவையில் அந்த ஐந்து சென்டிமீட்டருக்காக அண்ணன் தம்பிகள் பேச்சை நிறுத்திக்கொண்டதைப் பார்த்திருக்கிறேன்.

அனுமதி விஷயத்தையும் சொல்லிவிடுகிறேன், நிறுவனங்கள் இதைப் பேசுவதே இல்லை. 1923ஆம் ஆண்டின் நில அளவை மற்றும் எல்லைகள் சட்டம் அரசு நில அளவருக்கு அதிகாரம் தருகிறது. எல்லைக்கோட்டை மறைக்கும் மரம், புதர், வேலியை அகற்றித் தரச் சொல்லி அறிவிப்பு கொடுக்கவும் அவருக்கு வழி உண்டு. அந்த அதிகாரம் உங்களுக்கும் உங்கள் நிறுவனத்துக்கும் கிடையாது. அடுத்தவர் வேலியில் ஏறும்போது நீங்கள் வெறும் அத்துமீறியவர். அது மட்டுமல்ல. தகராறு உள்ள எல்லையில் ஒரு பக்கத்திலிருந்து நீங்கள் ஏறிக் குதிப்பதைப் பார்த்த மறுபக்கத்துக்காரர், அதன்பிறகு உங்கள் அளவை நம்பவே மாட்டார். முதல்நாள் மாலை போய் இரண்டு வார்த்தை பேசிவிட்டு வந்தால் மறுநாள் காலை பூட்டைத் திறந்து மோரும் கொடுப்பார்கள். கொங்கு நாட்டில் இது நடக்காத தோட்டம் குறைவு.

அப்படியும் ஏறித்தான் ஆகவேண்டிய நாள் வரும். உரியவர் சம்மதித்திருப்பார், சாவி மட்டும் கோயம்புத்தூரில் இருக்கும். அந்த நாளுக்காக எழுதுகிறேன்.

கை வைப்பதற்கு முன் வேலியை ஓரமாக நடந்து பாருங்கள். நான் பயப்படுவது முள்ளுக்கு அல்ல, மின்சாரத்துக்கு. முறையான சோலார் மின்வேலியில் சில ஆயிரம் வோல்ட் பாயும். ஆனால் நொடிக்கு ஒருமுறை கண்சிமிட்டும் நேரத்துக்கு மட்டும், மிகக் குறைந்த ஆற்றலோடு. தொட்டால் தூக்கிப்போடும், விலகிக்கொள்ள இடைவெளி கிடைக்கும். தூணுக்குத் தூண் இன்சுலேட்டரும் எச்சரிக்கைப் பலகையும் இருக்கும். கொல்வது இன்னொன்று. காட்டுப்பன்றிக்காக வீட்டு மின்சாரத்தையே கட்டுக்கம்பியில் நேராகக் கொடுத்து, முழங்கால் உயரத்தில் குச்சிகளில் கட்டி வைத்திருப்பார்கள். பலகை இல்லை, இன்சுலேட்டர் இல்லை. 230 வோல்ட் இடைவிடாமல் ஓடுவதால் பிடித்த கை விடாது. 2023 மார்ச்சில் தர்மபுரி மாவட்டம் மாரண்டஹள்ளி அருகே மூன்று யானைகள் இப்படிப்பட்ட சட்டவிரோத வேலியில்தான் செத்தன. யானைக்கே அந்தக் கதி. உயர்ந்த வேலியையே அண்ணாந்து பார்த்துக்கொண்டு போகும் சர்வேயர் காலடியில் இருக்கும் இந்த ஒற்றைக் கம்பியைக் கவனிப்பதில்லை.

புல்லை வைத்துத் தொட்டுப் பார்ப்பது, புறங்கையால் தட்டிப் பார்ப்பது என்று ஊரில் சில வித்தைகள் உண்டு. எதையும் செய்யாதீர்கள். உரியவரை நேரில் வரவழைத்து, அவர் கண்முன் நிறுத்தச் சொல்லுங்கள். சந்தேகம் தீரவில்லையா, அந்த வேலியை விட்டுவிடுங்கள். உயரழுத்த மின்பாதைக்குக் கீழே அதற்கு இணையாக நீண்டு ஓடும் கம்பி வேலியில், யாரும் இணைப்புக் கொடுக்காமலேயே தூண்டலால் மின்சாரம் ஏறியிருக்கக்கூடும். உங்கள் ரோவர் கம்பு கார்பன் ஃபைபர் என்றால் அதுவும் மின்சாரத்தைக் கடத்தும். பிளாஸ்டிக் மாதிரி இருக்கிறதே என்று ஏமாற வேண்டாம்.

மின்சாரம் இல்லை என்று உறுதியானபின், ஏறுவதைக் கடைசியாக வையுங்கள். நீர் ஓடும் பள்ளத்தில் வேலி தரையைவிட்டுத் தூக்கி நிற்கும். மல்லாந்து படுத்து, ஒரு கையால் கீழ்க்கம்பியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நகர்ந்தால் போய்விடலாம். சட்டை அழுக்காகும், அவ்வளவுதான். முதலில் அங்கே பாம்பு இருக்கிறதா என்று குச்சியால் தட்டிவிடுங்கள். முள்கம்பி தளர்ச்சியாக இருந்தால் ஒருவர் ஒரு கம்பியை மிதித்து அழுத்தி, மேல்கம்பியைத் தூக்கிப் பிடிக்க, மற்றவர் குனிந்து நுழையலாம். நுழைந்தவர் அந்தப் பக்கத்திலிருந்து அதையே திருப்பிச் செய்வார். தனியாக வந்தவர் இதைச் செய்ய முயன்றால், பிடித்த கம்பி நழுவி முதுகில்தான் அடிக்கும்.

பழைய கிளுவைச் செடி வேலிகளில் மனிதர் மட்டும் நுழையும்படி கவட்டைக் கட்டை நட்ட கடவு இருக்கும். ஆடு மாடு நுழையாது, தலையில் சுமையோடு வரும் பெண் நுழைவாள். காங்கேயம் கொரங்காடுகளில், அதாவது வேலியடைத்த மேய்ச்சல் நிலங்களில், இப்போதும் சில இடங்களில் மிச்சமிருக்கிறது. கம்பி வேலி வந்தபோது மாட்டைத் தடுக்கும் வேலையை மட்டும் எடுத்துக்கொண்டு, மனிதனுக்கு விட்ட வழியை மறந்துவிட்டார்கள்.

மேலே ஏறுவதென்றால் மூலைத்தூண் பக்கம் போங்கள். இரண்டு பக்கமும் சாய்வுக்கால் முட்டுக் கொடுத்திருப்பதால் அது உறுதியாக நிற்கும். அதையும் இரண்டு கையாலும் ஆட்டிப் பார்த்துவிட்டு ஏறுங்கள், என் தொடையை நினைத்துக்கொண்டு. மழை பெய்த மறுநாள் எந்தத் தூணையும் நம்பாதீர்கள். பாதத்தைத் தூணை ஒட்டி வையுங்கள். இரண்டு தூணுக்கு நடுவே கம்பி தொய்யும், தொய்ந்த கம்பிதான் கால்சட்டையைப் பிடிக்கும். உங்களுக்கு நடந்தது இதுவாகத்தான் இருக்கும். வேலிக் கதவில் ஏறினால் கீல் இருக்கும் பக்கத்தில் ஏறுங்கள். தாழ்ப்பாள் பக்கம் ஏறினால் கதவு தொங்கிப்போகும், மறுநாள் அதற்கும் நீங்கள்தான் பதில் சொல்ல வேண்டும்.

எட்டடி வலைக்கம்பிக்கு ஏணிதான். கண்ணியில் ஷூ நுனி நிற்காது, மேல்விளிம்பில் முறுக்கிவிட்ட கம்பி நுனிகள் ஊசி மாதிரி நிற்கும். வண்டியில் ஒரு மூங்கில் ஏணியோ ஃபைபர் ஏணியோ போட்டுக்கொள்ளுங்கள், அலுமினியம் வேண்டாம், காரணத்தை மேலே சொல்லிவிட்டேன். ஏணியைத் தூணோடு சேர்த்துக் கட்டுங்கள். சணல் சாக்கை நான்காக மடித்து மேல்விளிம்பில் போடுங்கள். அந்தப் பக்கம் இறங்க இன்னொரு ஏணி வேண்டும். குதிக்கவே கூடாது. புல் மூடிய இடத்தில் கல் இருக்கிறதா, மடை இருக்கிறதா என்று மேலிருந்து தெரியாது. கைப்பிடிச் சுவர் இல்லாத கிணறுகள் உங்கள் வட்டாரத்தில் எத்தனை என்று உங்களுக்கே தெரியும். வேலியின் உச்சியில் சுருள் முள்கம்பி இருந்தால் ஏணியும் சாக்கும் உதவாது. அங்கே முக்கோணம் போடுங்கள்.

ஏறுமுன் மோதிரத்தைக் கழற்றிச் சட்டைப்பைக்குள் போட்டுப் பொத்தானை மாட்டுங்கள். மேல்கம்பியில் மோதிரம் மாட்டிய நிலையில் உடல் கீழே இறங்கினால் விரலின் தோலும் சதையும் உறை கழல்வதுபோல் உரிந்துவரும். எங்களோடு வேலை பார்த்த, அளவுச் சங்கிலி பிடிக்கும் செயின்மேன் ஒருவருக்கு அப்படி மோதிரவிரல் போயிற்று. கழுத்தில் தொங்கும் அடையாள அட்டையும் அதேபோல ஆபத்து.

ஒருவர் தாண்டியபின், மற்றவர்களுக்கு முன்னால் கருவி போக வேண்டும், முக்காலியிலிருந்து கழற்றி, பெட்டியில் பூட்டி. அந்தப் பக்கம் நிற்பவர் "பிடித்துவிட்டேன்" என்று வாயால் சொல்லும்வரை இந்தப் பக்கத்துக் கை விடக்கூடாது. 1808இல் தஞ்சைப் பெரிய கோயில் விமானத்தின்மேல் கோணம் அளக்கும் லாம்டனின் அரை டன் தியோடலைட்டை ஏற்றும்போது கயிறு விட்டுப்போய்ச் சுவரில் மோதியது. அந்த மனிதர் அதைப் பிரித்துப்போட்டு வாரக்கணக்கில் உட்கார்ந்து தாமே சரிசெய்தார். உங்கள் டோட்டல் ஸ்டேஷன் விழுந்தால் பழுதுக்கான பணத்தைச் சம்பளத்தில் பிடித்துக்கொள்வார்கள், பொறுமையாகச் சரிசெய்ய யாரும் விடமாட்டார்கள்.

இன்னொன்று. தாண்டித்தான் ஆகவேண்டும் என்று முடிவெடுக்குமுன் நிலத்தின் எல்லைகளைக் காட்டும் புலப்படத்தை ஒருமுறை விரித்துப் பாருங்கள். வேலி எல்லையில்தான் நிற்கிறது என்று நாமே நினைத்துக்கொள்கிறோம். நான் தேடிய கல் மூன்று முறை நான் நின்றிருந்த பக்கத்திலேயே, வேலியிலிருந்து நாலைந்து அடி உள்ளே புதைந்து கிடந்திருக்கிறது. ஒருமுறை எல்லைக்கல்லையே தூணாக வைத்து முள்கம்பியைச் சுற்றியிருந்தார்கள். அதன்மேல் கால் வைத்து ஏறித்தான் அந்தப் பக்கம் போய் மாலைவரை கல்லைத் தேடினோம்.

கையில் தையல் போட்டதை எழுதினீர்கள், டெட்டனஸ் ஊசி போட்டதை எழுதவில்லை. துருக்கம்பிக் காயம், மண்பட்ட காயம். கடைசியாக ஊசி போட்டு ஐந்து ஆண்டு தாண்டியிருந்தால் இன்னொன்று போட வேண்டும். போடவில்லை என்றால் இதைப் படித்து முடித்ததும் கிளம்புங்கள்.