பழைய டிவி காமெடித் தொடர்கள் பற்றிப் புத்தகம் போட்டிருக்கிறேன். அதை எப்படி வாசகர்களிடம் கொண்டுபோவது?

1950களிலிருந்து 80கள் வரை வந்த அமெரிக்க, பிரிட்டிஷ் காமெடித் தொடர்களைப் பற்றிய புத்தகம் என்றும், அட்டைப்படத்தைத் திரும்பத் திரும்பப் பகிர்ந்தும் நண்பர்களைத் தாண்டிப் போகவில்லை என்றும் கேட்டிருக்கிறீர்கள். புத்தக விளம்பர வேலையில் இருப்பவன், அந்தத் தொடர்களின் தீராத ரசிகன் என்ற இரண்டு உரிமையிலும் சொல்கிறேன். அட்டைப்படத்தைக் கொஞ்ச நாளைக்கு ஓரமாக வையுங்கள். ஒரே ஒரு காட்சியை எடுத்துக்கொண்டு அதைப் பற்றி எழுதுங்கள், பேசுங்கள்.

எந்தக் காட்சி? நானாக இருந்தால் ‘ஐ லவ் லூசி’ என்ற அமெரிக்கத் தொடரின் சாக்லேட் தொழிற்சாலைக் காட்சியில் தொடங்குவேன். 1952 செப்டம்பரில் ஒளிபரப்பானது. லூசியும் அவள் தோழி எத்தலும் ஓடும் பெல்ட்டில் வரும் சாக்லேட்டுகளைத் தாளில் சுற்றி அனுப்ப வேண்டும். முதலில் மெதுவாக வருகிறது, சமாளிக்கிறார்கள். வேகம் கூடக் கூடக் கை ஓடவில்லை. சுற்ற முடியாததை வாயில் திணிக்கிறார்கள், தொப்பிக்குள் போடுகிறார்கள், சட்டைக்குள் ஒளிக்கிறார்கள். மேற்பார்வை பார்க்கும் பெண்மணி உள்ளே வருகிறார். சுற்றாத சாக்லேட் ஒன்றுகூடக் கண்ணில் படவில்லை. பிரமாதம் என்று மெச்சிவிட்டு, பெல்ட்டை இன்னும் வேகமாக விடச் சொல்கிறார்! ஒளித்துத் தப்பித்ததற்குக் கிடைத்த பாராட்டே அடுத்த அடியாக விழுகிறது. வேலை பார்த்துப் பழகிய யாருக்கும் இது புரியும், லூசி யாரென்றே தெரியாவிட்டாலும்.

இந்த அளவு நெருங்கிப்போய் எழுதுங்கள். பிறகு திரைக்குப் பின்னால் கூட்டிப்போங்கள். அந்தக் காலத்தில் நியூயார்க்கிலிருந்து நேரடியாக ஒளிபரப்புவதுதான் வழக்கம். மற்ற ஊர்களுக்கு, டிவி திரையையே படம்பிடித்த மங்கலான பிரதிதான் போகும். லூசியாக நடித்த லூசில் பாலும் அவர் கணவர் தேசி அர்னாஸும் ஹாலிவுட்டை விட்டு வர மறுத்து, 35 எம்எம் ஃபிலிமில், மூன்று கேமராக்களை வைத்து, பார்வையாளர்கள் முன்னிலையில் எடுத்தார்கள். ஒளிப்பதிவாளர் கார்ல் ஃபிராய்ண்ட், ‘மெட்ரோபோலிஸ்’ என்ற புகழ்பெற்ற ஜெர்மன் மௌனப் படத்தில் கேமரா பிடித்தவர். இந்தச் செலவுக்காகச் சம்பளத்தில் ஒரு பகுதியை விட்டுக்கொடுத்து, பதிலுக்கு ஃபிலிமின் உரிமையைத் தங்கள் கையில் வைத்துக்கொண்டார்கள். மறு ஒளிபரப்பில் அதன் மதிப்பு பிற்பாடு தெரிந்தது. இன்றைக்கும் நாம் அந்த முகபாவங்களைத் துல்லியமாகப் பார்க்கிறோம் என்றால் காரணம் அதுதான். இப்படி ஒரு கதையைக் கேட்டவருக்கு அடுத்த கதை எங்கே என்று தேடத் தோன்றும்.

‘அந்த நாள் ஞாபகம்’ என்ற தொனியில் மட்டும் விற்காதீர்கள். ஏற்கெனவே பார்த்தவர்களோடு அது நின்றுவிடும். சிரிப்பு எப்படிக் கட்டப்படுகிறது என்று பேசினால், குறும்படம் எடுப்பவரும் நாடகம் எழுதுபவரும்கூட வருவார்கள்.

தீவிர ரசிகர்கள் இருக்கும் குழுக்களுக்குக் கட்டாயம் போங்கள், ஆனால் விளம்பரத்தோடு நுழையாதீர்கள். அங்கே ஓடும் பேச்சில் கலந்துகொள்ளுங்கள். பிரிட்டிஷ் தொடரான ‘டாட்ஸ் ஆர்மி’ மொத்தம் 80 பகுதிகள், அதில் இரண்டாவது சீசனின் மூன்று பகுதிகள் இன்னும் கிடைக்கவில்லை. வீடியோ டேப் விலை அதிகம் என்பதால் அழித்துவிட்டு மேலேயே பதிவுசெய்யும் வழக்கம் பிபிசியில் இருந்தது. இந்த இழப்பைப் பற்றி மணிக்கணக்கில் பேச அங்கே ஆள் உண்டு. இன்னொரு பிரிட்டிஷ் தொடரான ‘ஃபால்ட்டி டவர்ஸ்’ 1975இல் ஆறு, 1979இல் ஆறு, ஆகப் பன்னிரண்டே பகுதிகளோடு ஏன் நின்றது என்று கேட்டுப் பாருங்கள், விவாதம் தானாகப் பற்றிக்கொள்ளும். புத்தகம் எழுதியவர் என்பதை உங்கள் சுயவிவரம் சொல்லட்டும். ஒரு விஷயம், இந்த ரசிகர்கள் தேதியிலும் நடிகர் பெயரிலும் புலிகள். பிழை காட்டினால் நன்றி சொல்லி, அடுத்த பதிப்பில் திருத்துவதாகச் சொல்லுங்கள். அவர்களே உங்களுக்காகப் பேசுவார்கள்.

பத்திரிகைகளுக்கும் பாட்காஸ்ட்காரர்களுக்கும் தேதிதான் சாவி. 1953 ஜனவரி 19 அன்று லூசிக்குக் குழந்தை பிறக்கும் பகுதி ஒளிபரப்பானது. அதே நாளில் லூசில் பாலுக்கும் நிஜமாகவே மகன் பிறந்தார். மறுநாள் நடந்த ஐசன்ஹோவர் பதவியேற்பைப் பார்த்தவர்களைவிட அதைப் பார்த்தவர்கள் அதிகம். 1983 பிப்ரவரி 28, ‘மாஷ்’ என்ற அமெரிக்கத் தொடரின் கடைசிப் பகுதி. அமெரிக்காவில் மட்டும் பத்துக் கோடிக்கு மேல் பார்த்தார்கள். இப்படி ஒரு நாளின் நினைவு தினம் வருவதற்கு மூன்று நான்கு வாரம் முன்பே கட்டுரையை அனுப்பிவிடுங்கள். புத்தகத்தின் பெயர் கடைசி வரியில் வந்தால் போதும். பேட்டி எடுப்பவருக்கு முழுப் புத்தகத்தையும் படிக்க நேரம் இருக்காது என்று வைத்துக்கொண்டு, நல்ல சம்பவங்கள் நாலைந்தைப் பக்க எண்ணோடு ஒரே தாளில் எழுதிக் கொடுங்கள்.

தொடர்களின் வீடியோத் துண்டுகளையும் ஸ்டில்களையும் அனுமதி வாங்காமல் ரீல்ஸில் போட வேண்டாம். உரிமையாளர் புகார் செய்தால் உங்கள் கணக்கே முடங்கலாம்.

படித்தவர்களிடம் மதிப்புரை கேட்கும்போது, “புத்தகம் எப்படி இருந்தது?” என்று கேட்காதீர்கள். “படித்துவிட்டு எந்தக் காட்சியைத் தேடிப் பார்த்தீர்கள்?” என்று கேளுங்கள். அந்தப் பதிலை, அவர் சம்மதத்தோடு, அடுத்த நாள் உங்கள் பக்கத்தில் போடுங்கள்.