டிராகன் இருக்கிறது, நிலம் எங்கே?

கேள்வி: ‘மேஜிக்: த கேதரிங்’ விளையாட 60 சீட்டுக் கட்டு சேர்த்திருக்கிறேன். அதில் 17 நிலச் சீட்டுகள். கையில் டிராகன் சீட்டு இருந்தும் இறக்க முடியாமலே தோற்கிறேன். ஏன்?
– வாசகர், காரைக்குடி

பதில்: 17 நிலம் 40 சீட்டுக் கட்டுக்கான கணக்கு! உங்கள் கட்டில் முதல் ஏழு சீட்டில் சராசரியாக இரண்டு நிலம்தான் வரும். சீட்டை இறக்கக் கொடுக்கும் விலைதான் மானா; அதைத் தருவது நிலம். முறைக்கு ஒரு நிலமே போடலாம் என்பதால், ஆறு மானா கேட்கும் டிராகன் கையிலேயே தூங்கும். நிலத்தை 24 ஆக்குங்கள். அதற்காகக் கட்டிலிருந்து நீக்கும் ஏழும் மானா விலை கூடிய சீட்டுகளாகவே இருக்கட்டும். படத்தைப் பார்த்து மயங்க வேண்டாம். ஒற்றை நிலத்தோடு கை வந்தால், கட்டோடு சேர்த்துக் கலைத்து மறுபடி ஏழு எடுத்து, ஒன்றை அடியில் வையுங்கள். ஆத்தங்குடித் தரையில் தேய்த்து ஆடினால் ஓரம் தேய்ந்து சீட்டு அடையாளம் தெரிந்துவிடும், உறை போடுங்கள்.